சென்னையில ஏதுங்க கோல்ட் ஸ்டார்ட்?

ஜனவரி விடியக்காலையில கூட சென்னை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும். டெல்லிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் எந்த மெக்கானிக் கடையில போய் உக்காந்தாலும் இந்த வசனம் காதுல விழும்: "அண்ணே, காலையில மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

இன்ஜினுக்குக் குளிர் அப்படிங்கிறது வானிலை இல்லைங்க, ராத்திரி முழுக்க சும்மா நின்னது. 90 டிகிரியில ஓடிப் பழகின இரும்புக்கு 25 டிகிரியும் குளிர்தான். அந்தச் சூட்டுல பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால முதல் சில நொடிக்குக் கொஞ்சம் கூடுதலா எரிபொருள் வேணும், அதுவும் பொடிப்பொடியா. அதை யார் கொடுக்கிறது? வடசென்னையோட கார் வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வெச்சே சொல்லிடலாம்.

1948-ல ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸை ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க. ஆமா, லாரிக்குப் பேர்போன எண்ணூர் காரோடதான் தொடங்கினது. அந்தக் கார்ல கார்புரேட்டர், ஒரு சோக். சோக்கை இழுத்தா காத்து குறையும், பெட்ரோல் பங்கு கூடும். எவ்வளவு இழுக்கணும், எப்ப விடணும்னு தீர்மானிக்கிறது ஓட்டுறவர் கைதான்.

1955-ல கம்பெனி அசோக் லேலண்ட் ஆச்சு, டீசல் லாரிதான் இனி வாழ்க்கைன்னு ஆச்சு. டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை நசுக்கி நசுக்கிச் சூடாக்கி, அதுக்குள்ள டீசலைப் பனி மாதிரி பீய்ச்சணும். ருடால்ஃப் டீசல் 1890கள்ல இதுக்கு அழுத்தக் காத்தைத்தான் பயன்படுத்தினார். அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர் வேணும், லாரியில அதை எங்க வைக்கிறது? 1927-ல பாஷ் கம்பெனி இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொழிற்சாலையில மொத்தமாத் தயாரிக்கத் தொடங்கின பிறகுதான் டீசல் ரோட்டுல பரவலாச்சு. 1951-ல அதே பாஷ் பெங்களூருல மைக்கோவைத் தொடங்குச்சு. பம்ப், நாசில் ரிப்பேர் கடைகள் போர்டுல 'மைக்கோ'ன்னு நீங்க பார்த்திருப்பீங்களே, அதோட கதை இதுதான்.

அந்தக் கடைகள்ல வைத்தியம் முழுக்கக் கையாலயும் காதாலயும் நடந்தது. நாசிலைக் கழட்டி டெஸ்டர்ல மாட்டுவாங்க. லீவரை அமுக்கினா சுமார் 200 பார் அழுத்தத்துல 'கிர்ர்'னு ஒரு சத்தத்தோட புகை மாதிரி வரணும். சொட்டுச் சொட்டா வந்தா நாசில் ஒழுகுதுன்னு அர்த்தம். காலையில வெள்ளைப் புகை கக்கிக்கிட்டு வண்டி தடுமாறுறதுக்கு அது ஒரு காரணம். இல்லன்னா ராத்திரியில டீசல் டேங்குக்குத் திரும்பிப் போய் லைன்ல காத்து ஏறியிருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடிச்சு, நுரை நிக்கிற வரைக்கும் 'ஏர் எடுக்கணும்'. எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு தெரியணுமா? இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லேசாத் தளர்த்துவாங்க. எதைத் தளர்த்தியும் சத்தம் மாறலையோ, அதுதான் ஏற்கெனவே செத்துப் போன சிலிண்டர். எனக்கு இது ரொம்ப அழகான முறைன்னு தோணும். கருவியே வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும்.

(திருவொற்றியூர் என்ஃபீல்டு காரங்க இதையே மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டு வந்தாங்க, டாரஸ்ன்னு டீசல் புல்லட். கிக் அடிச்சே ஸ்டார்ட் பண்ணணும். முழங்காலுக்கு என் அனுதாபம்.)

2000-ஐ ஒட்டி புகை விதிகள் இறுகினதும் பெட்ரோல் கார்ல கார்புரேட்டர் போச்சு, சோக்கும் போச்சு. எவ்வளவு கூடுதல் பெட்ரோல்ங்கிறதை இனி கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், இன்ஜெக்டர் சில மில்லி செகண்ட் திறந்து மூடும். அங்க அழுத்தம் சுமார் 3 பார்தான். பழைய கேள்வி மட்டும் மாறல: ராத்திரியில அந்த அழுத்தம் எங்க போச்சு?

இதை நீங்களே பார்க்கலாம். காலையில சாவியை ஆன் பண்ணுங்க, பம்ப் ரெண்டு செகண்ட் 'உம்'னு ஓடி நிக்கும். ஆஃப். இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சுட்டு ஸ்டார்ட் பண்ணா உடனே பிடிக்குதா? அப்ப அழுத்தம் இறங்கியிருக்கு. அது பம்ப் வால்வாவும் இருக்கலாம், இன்ஜெக்டராவும் இருக்கலாம். மெக்கானிக் கேஜ் மாட்டி, டேங்க்ல இருந்து வர்ற ஹோஸை அடைச்சுப் பார்ப்பார். அடைச்ச பிறகும் முள் விழுந்தா சந்தேகம் இன்ஜெக்டர் மேல. பெட்ரோல் வாடையும் கரும்புகையுமா ஸ்டார்ட் ஆனா சந்தேகம் இன்னும் பலம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: இன்ஜெக்டரைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி, ஸ்கேனர்ல கூலன்ட் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்க. விடியக்காலையில அது 80 டிகிரின்னு காட்டினா, சென்சார் பொய் சொல்லுது. கம்ப்யூட்டர் அதை நம்பி கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காம விட்டுடும். சென்சார் விலை ரொம்பக் கம்மி. அடைப்புன்னா அல்ட்ராசோனிக் கிளீனிங் போதும். ஊசி சரியா மூடாம ஒழுகினா பெரும்பாலும் மாத்தத்தான் வேணும்.

டீசல்லதான் விஷயம் விபரீதமாச்சு. காமன் ரெயில் வந்ததும் 200 பார் இருந்த இடத்துல 1600, 2000 பார். ஸ்டார்ட்டர் சுத்தும்போது ரெயில்ல குறைஞ்சபட்ச அழுத்தம் ஏறலன்னா கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. தேஞ்ச இன்ஜெக்டர் டீசலை ரிட்டர்ன் லைன்ல கசியவிடும், வண்டி சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்ன்லயும் ஒரு சின்ன பாட்டில் மாட்டிப் பார்ப்பாங்க. மத்ததைவிட எது சீக்கிரம் ரொம்புதோ அதுதான் ஆள்.

இங்க அந்தப் பழைய நட் தளர்த்துற வித்தையைச் செய்யவே கூடாது. ஓடுற காமன் ரெயில் இன்ஜின்ல பைப்பைத் தளர்த்தினா, கண்ணுக்குத் தெரியாத டீசல் இழை தோலைத் துளைச்சு உள்ள போகும். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. முதல்ல வலி கூட அவ்வளவா இருக்காது, அதுதான் ஆபத்து. உள்ள சதை அழுக ஆரம்பிச்சிருக்கும், சில மணி நேரத்துல ஆபரேஷன் பண்ணலன்னா விரலையே எடுக்க வேண்டி வரலாம். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச மேஸ்திரிக்கு இதைச் சொல்றது கஷ்டம். அவர் கைக்குத் தெரிஞ்ச வித்தையே அவர் கைக்கு எதிரி.

வடசென்னை ஒரு விதத்துல கொடுத்து வெச்ச ஊர். 1971-ல டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கைக்குன்னே ஒரு தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சுத்தி இவ்வளவு மெஷின் இருக்கிற ஊருக்கு அது எவ்வளவு தேவைன்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால உங்க தெரு மெக்கானிக் கையில அப்படி ஒரு புள்ளியைப் பார்த்தீங்கன்னா, வலிக்குதான்னு கேட்டு நிக்காதீங்க. ஆட்டோவை நிறுத்தி, நேரா ஸ்டான்லி கேஷுவால்ட்டி. போனதும் "ஹை பிரஷர் டீசல் உள்ள போயிருக்கு"ன்னு சொல்லுங்க. வெறும் "டீசல் பட்டுடுச்சு"ன்னு சொன்னா மருந்து தடவி அனுப்பிடுவாங்க.