ஒரு பெயரும் ஓர் எண்ணும்

குறையுடன் பிறந்த குழந்தையைக் காண வருவோர், 'இது யார் வழியில் வந்தது?' என்று கேட்பதை நாம் பலமுறை செவியுற்றிருக்கிறோம். தந்தை வழியா, தாய் வழியா என்று வம்சத்தைத் துருவும் இவ்வழக்கம் ஒரு நாட்டுக்கோ ஒரு சமுதாயத்துக்கோ மட்டும் உரியதன்று. மரபணுவியல் என்னும் சொல்லிலேயே 'மரபு' அமர்ந்திருப்பதால், குரோமோசோம் சார்ந்த குறைகள் யாவும் பரம்பரையாக வருவனவே என்று கற்றோரும் கருதிவிடுகின்றனர். டவுன் சிண்ட்ரோம் என்று இன்று வழங்கப்படும் பிறவி நிலையின் வரலாறு இக்கருத்துக்கு நேர் எதிரான சான்றாகும். அந்நிலையின் காரணத்தை அறிய உலகுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அதுவரை பழியைச் சுமந்தவர்கள் பெற்றோர்.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலிருந்த ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், 1866இல் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். தம் பராமரிப்பிலிருந்த மனவளர்ச்சி குன்றியோரை முக அமைப்பைக் கொண்டு அவர் வகைப்படுத்தினார். மனித குலத்தை ஐந்து இனங்களாகப் பகுப்பது அக்காலத்து அறிவுலகின் நாகரிகம். ஒரு குறிப்பிட்ட முகச்சாயல் கொண்ட குழந்தைகளுக்கு அவர் 'மங்கோலியர்' என்று பெயரிட்டார். பெற்றோரின் காசநோயால் விளைந்த இனச்சீரழிவே இதற்குக் காரணம் என்றும் எழுதினார்.

டவுனுக்கு நீதி செய்யும் பொருட்டு ஒன்றைக் கூறவேண்டும். ஐரோப்பியப் பெற்றோருக்கு வேற்றினச் சாயலில் குழந்தை பிறக்கக்கூடுமாயின், இனங்களுக்கிடையே கடக்கவியலாத வேலி இல்லை. மனித குலம் ஒன்றே என்பது அவருடைய முடிவு. இனங்கள் தனித்தனிப் படைப்புகள் என்று வாதிட்டு அடிமை முறையை நியாயப்படுத்தியோர் நிறைந்திருந்த காலம் அது. ஆயினும் முடிவு மறக்கப்பட்டது, பெயர் நிலைத்தது. மங்கோலியர் என்றதும் 1258இல் பக்தாத் அடைந்த பேரழிவே நம் நினைவுக்கு வரும். அந்த நினைவுடைய நாமும்கூட, ஒரு மக்களினத்தின் பெயரை அறிவுக்குறைவின் பெயராக்கியதை ஏற்க இயலாது.

காசநோயைத் தொடர்ந்து சிபிலிஸ், குடிப்பழக்கம் எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. எல்லாமே பெற்றோரின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பவை. இப்பழிகளுக்கு நடுவே கணக்கைக் கையிலெடுத்தவர் லயனல் பென்ரோஸ். தாயின் வயது, தந்தையின் வயது, குழந்தையின் பிறப்பு வரிசை ஆகிய மூன்றையும் பிரித்தாராய்ந்து, தாயின் வயது ஒன்றே தொடர்புடையது என்று 1933இல் அவர் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே டச்சு மருத்துவர் வார்டன்பர்க், குரோமோசோம் பிரிவதில் நேரும் பிழை இதற்குக் காரணமாகலாம் என்று ஊகித்திருந்தார். ஊகத்தைச் சோதிக்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

குரோமோசோம்கள் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தன. ஜெர்மனியின் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, உட்கருவில் இழைகள் தோன்றி நீளவாக்கில் பிளந்து இருபுறமும் விலகுவதைப் பார்த்து, 1882இல் நூலாக வெளியிட்டார். சாயத்தை ஏற்கும் அவ்விழைகளுக்கு, நிறம், உடல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1888இல் வால்டேயர் பெயரிட்டார். நிறப்புரி என்னும் நம் பாடநூல் சொல்லும் அந்நிறத்தையே குறிக்கிறது.

உடலின் உயிரணு பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டித்து, புதிய இரண்டு அணுக்களுக்கும் முழுத் தொகுதி கிடைக்கிறது. சினை முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நிகழ்வது வேறு: இணைகள் பிரிந்து, தொகுதி பாதியாகக் குன்றுகிறது. பெண்ணின் உடலில் இக்குன்றல் பிரிவு, அவள் தன் தாயின் கருவறையில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. அது மீண்டும் தொடர்வது முட்டை முதிர்ந்து வெளிவரும் வேளையில், பதினைந்தோ நாற்பதோ ஆண்டுகளுக்குப் பின். இத்தனை நீண்ட காத்திருப்பில் இணைகளைப் பிடித்திருக்கும் கட்டு தளர்ந்து, ஓர் இணை சரிவரப் பிரியாமலே முட்டைக்குள் தங்கிவிடுவதுண்டு. பென்ரோஸ் கண்ட வயதுத் தொடர்பின் உட்பொருள் பெரிதும் இதுவே. இதில் எவருடைய ஒழுக்கத்துக்கும் இடமில்லை.

இதை மெய்ப்பிக்க முதலில் மனிதனின் குரோமோசோம்களைச் சரியாக எண்ணியாக வேண்டும். அமெரிக்காவின் பெயின்டர் 1923இல் 48 என்று அறிவித்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் உலகமே 48 என்று எழுதியது; தாமே எண்ணிப் பார்த்தவர்களும் 48ஐயே கண்டனர். முன்னோர் சொன்ன எண்ணைக் கண்ணும் காண மறுப்பதில்லை போலும்! 1952இல் சூ என்னும் சீன ஆய்வாளர், செறிவு குறைந்த உப்புநீரில் உயிரணுக்கள் உப்பி, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் விலகி நிற்பதைத் தற்செயலாகக் கண்டார். அம்முறையை மேலும் செப்பனிட்டு, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் டியோ, ஆல்பர்ட் லெவானுடன் சுவீடனின் லுண்ட் நகரில் 1955 டிசம்பரில் எண்ணியபோது கிடைத்தது 46. மறு ஆண்டில் முடிவு அச்சேறியது.

இனிக் காட்சி பாரிசுக்கு நகர்கிறது. ட்ரூஸோ மருத்துவமனையில் ரேமோன் டுர்பெனின் கீழ்ப் பணியாற்றிய இளம் மருத்துவர் மார்த் கோத்தியே, உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் கலையை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கற்று வந்தவர். திரும்பி வந்த இடத்தில் ஆய்வகமும் இல்லை, பணமும் இல்லை. கண்ணாடிக் கலங்களைக் கடன் பெற்று வாங்கினார். வளர்ப்பூடகத்துக்குச் சேவலின் இரத்தத்தையும், சீரத்துக்குத் தம் சொந்த இரத்தத்தையும் பயன்படுத்தினார். டவுன் நிலை கொண்ட ஒரு குழந்தையின் திசுவை வளர்த்து, 1958 மே மாதத்தில் 47 குரோமோசோம்களைக் கண்டார். படம்பிடிக்கும் வசதி கொண்ட நுண்ணோக்கி அவரிடம் இல்லை. சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூன் வில்லைகளைப் படமெடுக்கக் கொண்டு சென்றார். 1959 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் கட்டுரை வெளிவந்தபோது முதற்பெயர் லெஜூனுடையது. இரண்டாம் இடத்தில் நின்ற கோத்தியேயின் பெயரோ 'மாரி' என்று பிழையாக அச்சாகியிருந்தது.

லெஜூன் பரிசுகளும் புகழும் பெற்றார். கோத்தியே குழந்தைகளின் இதயநோய் மருத்துவத்துக்குத் திரும்பி, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 2009இல்தான் தம் தரப்பை எழுதினார். கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று பிரெஞ்சு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு 2014இல் கருத்துரைத்தது. கோத்தியே 2022இல் தம் 96ஆம் வயதில் காலமானார். லெஜூனைத் திருடர் என்பது மிகை என்றே நாம் கருதுகிறோம். தாம் ஆராய்ந்த குழந்தைகளைக் கருவிலேயே களைவதற்குத் தம் துறையின் அறிவு பயன்பட்டபோது, புகழை இழக்க நேரினும் அதனை எதிர்த்து இறுதிவரை பேசியவர் அவர். ஆயினும் உழைப்பின் கணக்கு வேறு, நல்லெண்ணத்தின் கணக்கு வேறு.

எண் தெளிவானபின் பெயருக்கு முறை வந்தது. 1961இல் பத்தொன்பது அறிஞர்கள் 'தி லான்செட்' மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில், இனப்பொருள் கொண்ட அச்சொல்லைக் கைவிடுமாறு வேண்டினர். இத்துறையில் சீனரும் ஜப்பானியரும் பணியாற்றி வருகையில், அவர்கள் இச்சொல்லை வழங்க நேர்வது சங்கடமானது என்றும் சுட்டினர். பென்ரோஸ், லெஜூன் ஆகியோருடன் டவுன் குடும்பத்தவர் ஒருவரும் கையொப்பமிட்டிருந்தார். 1965இல் மங்கோலிய நாட்டின் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டதை ஏற்று, உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லை விலக்கியது. நூல்களிலிருந்து அது முற்றாக மறைய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

வம்சத்தைத் துருவும் கேள்விக்கு அறிவியல் தரும் விடை இதுதான். டவுன் நிலையினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது மேற்கூறிய பிரிவுப் பிழையால் நேர்ந்தது. அது எவ்வழியிலும் வந்ததன்று. கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் தாயின் முட்டையிலிருந்தும், சிறுபான்மை தந்தையின் விந்தணுவிலிருந்தும் வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பு கூடுவது உண்மையே. ஆனால் இளம் தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கின்றனர். நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் மட்டும் 21ஆம் குரோமோசோம் வேறொன்றுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அப்பெற்றோரோ எக்குறையுமின்றி வாழ்பவர். குழந்தையின் குரோமோசோம் சோதனையில் இவ்வொட்டு தெரிந்தால் மட்டுமே பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் மருத்துவர்கள் கேட்கின்றனர்.