திருவொற்றியூர் புல்லட்: ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வரலாறு

புல்லட் என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வகைகளுள் ஒன்று. இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டி, அங்கே தயாரிப்பு நின்ற பிறகும் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனாலேயே பழைய வாகனங்களைச் சேகரிப்போர் நடுவே இது தனி இடம் பெற்றுள்ளது. ஆனால் பழைய புல்லட்டுகள் பல இருந்தும், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவிலேயே இருப்பவை அரிதாகி வருகின்றன.

தோற்றம்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. புல்லட் என்ற பெயர் 1932இல் அறிமுகமானது. இந்தியர்கள் அறிந்த புல்லட்டின் வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் அதிர்வு தாங்கிகள் பொருத்திய 350 சி.சி. புல்லட் 1949இல் விற்பனைக்கு வந்தது. பல நிறுவனங்களின் வண்டிகளில் அப்போது பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த இருக்கை மட்டுமே அதிர்வைத் தாங்கியது. எனவே மேடுபள்ளமான சாலைக்கு இந்த வண்டி ஏற்றதாக இருந்தது.

திருவொற்றியூர் தொழிற்சாலை

விடுதலைக்குப் பின் எல்லைப் பகுதிகளில் சுற்றுக்காவல் செல்ல இந்திய இராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் புல்லட் தேர்வு செய்யப்பட்டது. வண்டிகளை இறக்குமதி செய்து விற்ற மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டில் 163 வண்டிகள் வெளிவந்தன.

முதலில் உதிரிபாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. இங்கே பூட்டும் வேலை மட்டும் நடந்தது. பின்னர் அவற்றைச் செய்யும் இயந்திரக் கருவிகளே இந்தியாவுக்கு வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவில் தயாராயின. இங்கிலாந்திலோ நிலைமை தலைகீழானது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் ஆங்கிலேய நிறுவனமே முடிவுக்கு வந்தது. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. அந்த வண்டியை இங்கிலாந்திடம் கற்ற ஊர், அதை இங்கிலாந்துக்கே விற்கத் தொடங்கியது.

மாறாத அமைப்பு

பழைய புல்லட்டின் எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. இவ்வளவு நீண்ட ஓட்டமும் கனமான சுழல் சக்கரமும் இருப்பதால், குறைந்த வேகத்திலும் எஞ்சின் நல்ல இழுவை தரும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழுவதும் இதனால்தான்.

கியர்பெட்டி எஞ்சினோடு சேராமல் தனியாக இருந்தது. கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. கிளப்புவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு கைப்பிடியை அழுத்திக்கொண்டு, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். முன்விளக்கின் மேலுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர்களின் காலைக் கிக்கர் திருப்பி அடித்ததும் உண்டு.

இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நிலவிய காலத்தில் வெளிநாட்டு வண்டிகளின் போட்டி இல்லை. அதனால் வடிவத்தை மாற்றும் நெருக்கடியும் இல்லை. இது ஒரு குறை என்று சொல்லலாம். ஆனால் இதன் பயனும் உண்டு: பழைய வண்டிக்குப் பின்னாளில் செய்த பாகங்கள் பல பொருந்தின; ஊர்ப் பட்டறைகளிலேயே பழுது பார்க்க முடிந்தது. மைசூரில் 1961 முதல் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அவற்றை வைத்திருப்போர் அதன்பின் உதிரிபாகங்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்து, ராயல் என்ஃபீல்டு என்ற பெயரைப் பெற்றது. புகை வெளியீட்டு விதிகள் கடுமையானதால், 2010ஆம் ஆண்டளவில் வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாக அமைந்த புதிய வகை அதன் இடத்தைப் பிடித்தது.

அரிய வகைகள்

புல்லட்டைத் தவிர, இன்று எளிதில் காண முடியாத வண்டிகளையும் என்ஃபீல்டு இந்தியா செய்தது. 175 சி.சி. ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர், ஷெர்பா, குரூசேடர், 200 சி.சி. மினி புல்லட் ஆகியவை அவற்றுள் சில. ஜெர்மனியின் சுன்டாப் நிறுவன வடிவமைப்பில் வந்த ஃபியூரி 175, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கொண்டது. 1990களில் 325 சி.சி. டீசல் புல்லட்டும் விற்பனையானது. அது வேகம் குறைந்தது. எரிபொருள் சிக்கனம் மிகுந்தது. அதற்கு முன்பே சில பட்டறைகள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சிறிய டீசல் எஞ்சினைப் பொருத்தி வந்தன.

சேகரிப்பும் மாற்றமும்

பழைய வண்டியை விரும்புவோரில் இரு வகையினர் உண்டு. ஒரு சாரார் அதை முதலில் இருந்தபடியே மீட்க முயல்கின்றனர். மற்றொரு சாரார் நீண்ட கைப்பிடி, அகன்ற டயர், புதிய டேங்க், வேறு சைலன்சர் என்று தம் விருப்பப்படி மாற்றுகின்றனர். மாற்றுவதிலும் கைத்திறன் உண்டு. ஆயினும் சட்டகத்தை அறுத்தால், பழைய வடிவம் திரும்பாது. டேங்கில் கையால் தீட்டிய பொன்னிறக் கோட்டைச் சுரண்டிப் புது வண்ணம் அடித்தாலும் அந்தக் கைவேலை போய்விடும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி முதல் வடிவில் உள்ள வாகனமே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும். இதில் இருசக்கர வாகனங்களும் அடங்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. இவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம்; அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது.

ஆவணத்தின் மதிப்பு

வண்டியைப் போலவே அதன் ஆர்.சி. புத்தகமும் ஒரு வரலாற்றுச் சான்று. எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் அதில் உள்ள எண்களோடு ஒத்திருந்தால்தான், வண்டி வேறொரு வண்டியின் பாகங்களால் ஆனதல்ல என்று நம்பலாம். உரிமையாளர்களின் முகவரிகளும் செய்தி தரும். எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. ஆகவே 1970களில் சாணார்பட்டிக்காரர் ஒருவர் வாங்கிய வண்டியின் சான்றில் மதுரை மாவட்டம் என்றே இருக்கும்.

வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கும் பழைய புல்லட்டை இரும்பு விலைக்குப் போடும் முன்னரோ, பட்டறையில் விட்டு மாற்றும் முன்னரோ, அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எண்கள் ஒத்து, உறுப்புகளும் பழையனவாகவே இருந்தால், அந்த வண்டியை அப்படியே காப்பது திருவொற்றியூர்த் தொழிலாளர்களின் வேலையைக் காப்பதாகும்.