இணைய மாநாடு இணையத்துக்கு வந்த வருஷம்

அம்பாசமுத்திரத்திலிருந்து பேசுறோம். இன்னைக்கு ஒரு சின்ன வரலாறு. சின்னதுதான், ஆனா நம்ம ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேரடியா சம்பந்தம் உள்ளது.

தமிழ் இணைய மாநாடு என்று ஒன்று நடக்கிறது, கேள்விப்பட்டிருப்பீங்க. கணினியில் தமிழ் எப்படித் தெரியணும், எந்த விசையில் எந்த எழுத்து இருக்கணும், இயந்திரம் தமிழை எப்படிப் படிக்கும், எப்படி மொழிபெயர்க்கும் என்றெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கூடிப் பேசுகிற இடம். முதல் மாநாடு 1997-ல் சிங்கப்பூரில். அதற்கு முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. 2000-லிருந்து இதை ‘உத்தமம்’ என்கிற அமைப்பு நடத்துகிறது. 2019 வரைக்கும் 18 மாநாடு முடிந்தது. பதினெட்டும் நேரில்தான். பேர் என்னமோ இணைய மாநாடு. போய்ச் சேர பஸ்ஸும் ரயிலும் விமானமும் வேணும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நேரில் பார்க்காமலே சேர்ந்து வேலை செய்கிற வித்தையை உலகத்துத் தமிழர்கள் அதற்கு ரொம்ப முன்னாடியே பழகிவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் தமிழில் மெயில் அனுப்புவார். அதே எழுத்துரு நம்மகிட்ட இல்லைன்னா, திறந்தால் என்னவோ ஐரோப்பிய எழுத்து மாதிரி தெரியும். ஆளுக்கொரு குறியாக்கம். இதைத் தீர்க்கணும்னு ஆஸ்திரேலியா, மலேசியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று சிதறியிருந்தவர்கள் மின்னஞ்சல் குழுவில் மாசக்கணக்கில் விவாதித்து உருவாக்கியதுதான் திஸ்கி. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமா இணையத்தில் போடுகிற வேலை. முன்னின்றவர் லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். ஒருத்தரையொருத்தர் முகம் பார்க்காத தன்னார்வலர்கள் செய்த வேலை அது. இன்னைக்கும் நாம அந்த நூல்களைத்தான் இறக்கிப் படிக்கிறோம்.

ஆக, வேலை இணையத்தில் நடந்தது. முடிவு எங்கே எடுத்தார்கள்? மண்டபத்தில்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. தமிழக அரசே நடத்தியது. அதன் வழியாக அரசு ஏற்றுக்கொண்டது டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களை. கூடவே தமிழ்99 விசைப்பலகை. மின்னஞ்சலில் பேசிப் பேசி வளர்ந்த திஸ்கிக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. ஆனாலும் அது சாகலை. மதுரைத் திட்டமும் பல இணையதளங்களும் அதிலேயே தொடர்ந்தன. பிறகு யூனிகோடு வந்து எல்லாவற்றையும் ஓரம்கட்டியது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடுக்கு மாறியது.

இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல வரலை. மண்டபத்துக்கும் ஒரு பலம் உண்டு. மின்னஞ்சலில் முடிவில்லாமல் இழுக்கிற சண்டையை, அதிகாரிகளையும் எழுத்துரு செய்கிறவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் சீக்கிரம் ஒரு முடிவுக்குக் கொண்டுவரலாம். தமிழ்99 விசைப்பலகையில் இன்னைக்கும் தட்டுகிறோமே, அது அப்படி வந்ததுதான். ஆனால் மண்டபத்தில் இருக்கிறவர் பேச்சுத்தான் எடுபடும். வர முடியாதவர் பேச்சு எடுபடாது.

யார் வர முடிந்தது? பதினெட்டு மாநாட்டையும் எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூரில் 4, மலேசியாவில் 2, அமெரிக்காவில் 2, ஜெர்மனியில் 1, கனடாவில் 1. மீதி 8 இந்தியாவில். அதில் சென்னை 3, கோவை 2, சிதம்பரம், புதுச்சேரி, திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம் தலா ஒன்று. இலங்கையில் ஒன்றுகூட இல்லை. நம்ம பக்கம்? காந்திகிராமத்துக்குத் தெற்கே ஒரு தடவைகூட வரலை. நம்ம பகுதியில் கணினி படிக்கிற ஒரு பிள்ளைக்கு ஆகப் பக்கத்தில் வந்த மாநாடே மதுரைக்கு அந்தப் பக்கம். டொரோண்டோ, கொலோன் எல்லாம் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று வேற கணக்கு.

அப்புறம் 2020 வந்தது.

உலகம் முழுக்க மாநாடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டம் டென்வரில் நடக்கணும். மார்ச் 2 தொடக்கம், பத்தாயிரம் பேருக்கு மேல் எதிர்பார்த்திருந்தார்கள். பிப்ரவரி 29 ராத்திரி ரத்து என்று அறிவிப்பு. அதற்குள் பல பேர் ஊரில் வந்து இறங்கிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியின் பெரிய மாநாடுகளில் ஒன்றான ஐ.சி.எல்.ஆர். கதை இன்னும் உருக்கமானது. 2018-ல் கனடாவில் நடந்த இதே துறை மாநாடு ஒன்றுக்குப் பல ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு விசா கிடைக்கலை. பெரிய சர்ச்சையாச்சு. ‘அவங்க வர முடியலைன்னா நாம போவோம்’ என்கிற மாதிரி, 2020 ஏப்ரலில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் வைத்திருந்தார்கள். கொரோனாவில் அது முழுசா இணையத்துக்குப் போனது. ஆப்பிரிக்காவுக்கு வரவேண்டிய விழா வரலை. ஆனால் 2019-ல் சுமார் 2,700 பேர் கலந்துகொண்ட மாநாட்டில் அந்த வருஷம் 5,600 பேருக்கு மேல். நஷ்டமும் லாபமும் ஒரே நாளில்.

அதே 2020 டிசம்பரில் 19-வது தமிழ் இணைய மாநாடு இணையவழியில் நடந்தது. தமிழை இணையத்துக்குக் கொண்டுவர 23 வருஷமா கூடிப் பேசிய மாநாடு, தானே இணையத்துக்கு வர ஒரு கிருமி வந்து தள்ள வேண்டியிருந்தது. 2021-லும் இணையவழிதான்.

இணையம் வந்ததும் எல்லாம் சமமாகிவிட்டதா? இல்லை. இங்கே சாயங்காலம் ஆறரைன்னா டொரோண்டோவில் காலை எட்டு, சிங்கப்பூரில் ராத்திரி ஒன்பது, கலிபோர்னியாவில் விடியக்காலம் ஐந்து. யாராவது ஒருத்தர் தூக்கத்தை விடணும். இடைவேளையில் டீ குடிக்கும்போது ஒரு பேராசிரியரைப் பிடித்து, ‘சார், ஒரு சந்தேகம்’ என்று கேட்கிற வாய்ப்பு திரையில் கிடையாது. அதில்தான் பல பேருக்கு வேலையும் வழியும் கிடைத்திருக்கு. சிக்னல் கதை நமக்குத் தெரியாததா? பாபநாசம் தாண்டி மலை ஏறினால் போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். ஆன்லைன் வகுப்புக் காலத்தில், வீட்டில் இருக்கிற ஒரே போனை மூணு பிள்ளைகள் பங்கு போட்ட குடும்பங்களும் உண்டு. விமான டிக்கெட் இருந்த இடத்தில் இப்போ டேட்டா பேக். தடை போகலை, சின்னதாச்சு. ஆனால் அந்த வித்தியாசம் லேசானதில்லை. லட்ச ரூபாய்த் தடையை நம்ம வீட்டுப் பிள்ளை தாண்ட முடியாது. சில நூறு ரூபாய்த் தடையைத் தாண்டலாம்.

2022 டிசம்பரில் மாநாடு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மறுபடி நேரில் கூடியது. ஐ.சி.எல்.ஆரும் 2023-ல் ருவாண்டாவின் கிகாலிக்குப் போய், ஆப்பிரிக்காவுக்குப் பட்ட கடனைத் தீர்த்தது. நேரில் கூடுவது நல்லதுதான், வேண்டாம்னு யாரும் சொல்லலை.

கேட்கவேண்டியது ஒன்றுதான். இங்கே ஒரு பிள்ளை தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிற நிரல் ஒன்று எழுதி வைத்திருக்கு என்று வைத்துக்கொள்வோம். நம்ம தாமிரபரணிக்கரைப் பேச்சு அந்த நிரலுக்குப் புரியும். சென்னையில் செய்த நிரலுக்குப் புரியாமல் போகலாம். அந்தப் பிள்ளை தன் கட்டுரையைத் திரை வழியாக வாசித்தால், மண்டபத்தில் இருக்கிறவர்கள் அதைச் சரிக்குச் சரியாகக் கேட்டு, கேள்வி கேட்டு, முடிவெடுக்கும்போது கணக்கில் எடுப்பார்களா? இல்லை, யூடியூபில் பார்த்துட்டுப் போகிற பார்வையாளர் கணக்கில் விட்டுவிடுவார்களா? 1999-ல் மின்னஞ்சலில் செய்த வேலைக்கு மண்டபத்தில் இடம் கிடைக்காமல் போனது. கொரோனா கற்றுக்கொடுத்த பிறகும் அதே மாதிரி நடந்தால், தூரத்தின் மேல் பழி போட முடியாது.

மாநாட்டுக்கு இணையவழியில் கட்டுரை வாசித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.