மின்சாரக் காரும் சாலை வரியும்

ஒரு வண்டி எத்தனை மைல் ஓடிற்று என்பதை அரசாங்கம் எவ்வாறு அறிவது? 1919-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதற்கு எளிய வழியொன்று கண்டது. மிகுதியாக ஓடும் வண்டி மிகுதியாகப் பெட்ரோல் குடிக்கும்; ஆகவே காலனுக்கு ஒரு சென்ட் வரி வாங்கிச் சாலை போடலாம் என்பதே அது. பத்தே ஆண்டுகளில் அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தும் இவ்வழியைப் பின்பற்றின. கொடுப்பவன் உணராதபடி வாங்கப்பெற்ற வரி அது. அதனாலேயே, அது சாலைக்குரிய கூலி என்பதும் மறந்துபோயிற்று என்று கருதுகிறேன்.

பெட்ரோல் குடியாத மின்சாரக் கார் வந்ததும் இக்கணக்கு உடைந்தது. மாணவ நண்பர்களே, இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. நியூசிலாந்தில் உழவு இயந்திரங்களும் படகுகளும் டீசல் எண்ணெயைப் பெரிதும் பயன்படுத்தின. வயலில் உழுபவரிடம் சாலைக்கு வரி கேட்பது முறையாகுமா? எனவே டீசலுக்கு அவ்வரி விதிக்காமல், 1978 முதல் டீசல் வண்டிக்காரர்களிடம் ஓடும் தூரத்துக்குக் கட்டணம் வாங்கினர். ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் முன்பணம் கட்டிச் சீட்டுப் பெறவேண்டும்; தூரமானியே சாட்சி. எங்கே சென்றாய் என்று அது சொல்லாது. எவ்வளவு தூரம் என்று மட்டுமே சொல்லும். அரசு நம்மை வேவு பார்க்குமோ என்று அஞ்சுவோர் இதனைக் கவனித்தல் நலம்.

லாரிகளுக்கோ எடைக்கேற்பக் கட்டணமும் ஏறும். 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாது ஓட்டிச் சோதித்தபோது, அச்சின்மீதுள்ள பாரம் இருமடங்கானால் சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் எனத் தெரிந்தது.

மின்சாரக் கார்களைப் பரப்பும்பொருட்டு நியூசிலாந்து 2009 முதல் அவற்றுக்கு விலக்கு அளித்தது. தொடக்கத்தில் அது தக்கதே. ஆனால் புதுக் கார் வாங்க வசதியற்றவர், தம் பழைய பெட்ரோல் காரைக் கொண்டு வசதியுள்ளவரின் சாலைக்கும் சேர்த்து எத்தனை காலம் செலுத்துவார்? 2024 மார்ச்சு 31-உடன் விலக்கு முடிந்தது. மறுநாள் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர். பெட்ரோலிலும் ஓடி, மின்சாரமும் ஏற்றிக்கொள்ளும் கலப்பு வண்டிக்கு 38 டாலர். அதன் உடைமையாளர் பெட்ரோல் வரியும் தருகிறாரல்லவா?

இங்கே மற்றொரு முரண் தோன்றிற்று. சிக்கனமாகப் பெட்ரோல் குடிக்கும் சிறு கார், அதே தூரத்துக்கு மின்சாரக் காரைவிடக் குறைவாகவே வரி தந்தது. மின்சாரக் காரினரின் இக்குறை நியாயமானதே. பெட்ரோல் கார்களையும் தூரக் கட்டணத்திற்கே மாற்றப்போவதாக 2025-இல் அவ்வரசு அறிவித்தது.