தூக்கும் காலமும் அடியும்: தமிழ்த் தாளச் சொற்களின் வரலாறும் சபரகமுவைத் தோட்டத் தப்பிசையும்

தமிழிசையில் கால அளவைக் குறிக்கும் சொற்கள் ஒரே காலத்தில் ஒரே நூலிலிருந்து வந்தவையல்ல. எழுத்திலக்கணம், யாப்பு, ஆடல், கோயிலிசை, கச்சேரி, ஊர்க்கொட்டு எனப் பல களங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே இன்றைய தாளக் கலைச்சொற்கள் உருவாயின. இலங்கையின் சபரகமுவை மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், களனிப் பள்ளத்தாக்கில் அமைந்த ருவான்வெல்லை வட்டாரம் போன்ற இறப்பர்த் தோட்டப் பகுதிகளில் வாழும் மலையகத் தமிழரின் தப்பிசையை இவ்வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும்போது, இசை நூல்கள் நுணுக்கமாக வகுத்துப் பெயரிட்டவை எவை, பெயரிடாமலே விட்டவை எவை என்பது தெளிவாகிறது.

இவற்றுள் மிகப் பழைய அளவுச்சொல் மாத்திரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் விரலை நொடிக்கும் நேரமுமே ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுத்து, குற்றெழுத்துக்கு ஒன்று, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்க்கு அரை என அதனைப் பங்கிடுகிறது. கருவி எதனையும் சாராமல் மனித உடலையே அளவுகோலாகக் கொண்ட இவ்வரையறை எழுத்தொலிக்காக வகுக்கப்பட்டதாயினும், பின்னர் இசைக்கும் அடிப்படையாயிற்று. அந்நூலே செய்யுளின் ஓசை நடைகளை இருபது வண்ணங்களாகப் பிரிக்கிறது. அவற்றுள் தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்னும் பெயர்கள் அளவைச் சொல்லாமல் இயக்கத்தைச் சொல்பவை. அடியின் எல்லையைக் கடந்து ஓடும் ஓசையே முடுகு. இச்சொல் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

பதிற்றுப்பத்தின் பாடல்கள் ஒவ்வொன்றின் கீழும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கு குறிப்புகள் காணப்படுகின்றன. பாட்டை வகைப்படுத்தியோர் அதன் ஓசையையும் அளவையும் இருவேறு செய்திகளாகக் கருதினர் என்பதற்கு இக்குறிப்புகளே சான்று. தூக்கு என்பது இங்கே பாட்டின் அடியமைப்பைச் சார்ந்த அளவாக நிற்க, சிலப்பதிகார உரைகளில் அது தாள உறுப்பாகவும் மாறிவிடுகிறது. அடியார்க்குநல்லாரின் உரை தாளத்தின் உறுப்புகளாகக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்னும் நான்கினைக் கூறி, அவற்றுக்கு முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரைகளை வழங்குகிறது. வடமொழித் தாள நூல்களில் துருதம், இலகு, குரு, புலுதம் என்னும் நான்கு உறுப்புகளும் இதே விகிதத்தில் அமைந்திருப்பதால், இரு மரபுகளும் நெருங்கிப் பழகியிருந்தன என்பதில் ஐயமில்லை. எது எதனிடம் கடன் பெற்றது என்ற பழைய வழக்கைவிட, தமிழ்ச் சொற்கள் கையின் செயலைக் காட்டுகின்றன என்பதே கவனிக்கத்தக்கது. இலகு, குரு என்பன ஒலியின் இலேசையும் கனத்தையும் உணர்த்த, கொட்டு என்பது அடிப்பதையும் அசை என்பது அசைப்பதையும் தூக்கு என்பது கை மேலெழுவதையும் நினைவூட்டுகின்றன.

அடுத்த பெரிய மாற்றம் இடைக்காலத்தில் நிகழ்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் நூற்றிருபது தேசி தாளங்களைப் பட்டியலிடுகிறது. அப்பெருந்தொகை பின்னர் நடைமுறையில் சுருங்கி, புரந்தரதாசரோடு (1484–1564) தொடர்புபடுத்தப்படும் சூளாதி ஏழு தாளங்களும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சாதிகளுமாக முப்பத்தைந்து தாளங்கள் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. இவ்வொழுங்கில் இலகு தன் பழைய நிலையான அளவை இழந்தது. சாதியைப் பொறுத்து அது மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது எண்ணிக்கைகளைப் பெறலாயிற்று. துருதமோ இரண்டு எண்ணிக்கையாகவே நின்றுவிட்டது. இலகுவில் பாதி துருதம் என்னும் பழைய விகிதம் சதுச்ர சாதியில் மட்டுமே எஞ்சியது. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கைகளும் கொண்ட இலகுவுடன், தட்டும் வீச்சுமாக இரண்டு துருதங்கள் சேர்ந்து எட்டு எண்ணிக்கையாகும் ஆதி தாளத்தில் அதனைக் காணலாம். பெயர் மாறாமல் பொருள் மாறிய இத்தகைய இடங்களைக் கவனியாமல் பழைய உரைகளை இன்றைய பாடநூலின் துணையோடு படிப்பவர் தடுமாறுவது இயல்பே.

இதே வளர்ச்சியில்தான் காலம், நடை, களை என்னும் மூன்று சொற்களும் தம் இன்றைய பொருளில் வேறுபட்டு நின்றன. தாளம் என்பது மீண்டும் மீண்டும் வரும் எண்ணிக்கைச் சுற்று. நடை அல்லது கதி என்பது ஓர் எண்ணிக்கைக்குள் எத்தனை உட்பிரிவுகள் என்பது. திச்ரம் மூன்றும் சதுச்ரம் நான்கும் கண்டம் ஐந்தும் மிச்ரம் ஏழும் சங்கீர்ணம் ஒன்பதுமாகும். களை என்பது சுற்றின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் ஒருமுறை போடுவதா, இரட்டித்துப் போடுவதா என்பது. காலம் என்பதோ வேகத்தின் படி: முதற்காலத்தின் இரட்டிப்பு இரண்டாங்காலம், அதன் இரட்டிப்பு மூன்றாங்காலம். விளம்பம், மத்திமம், துரிதம் என்னும் மூவகை லயமும் இவ்வாறே ஒன்றையொன்று சார்ந்தவை. ஐரோப்பாவில் 1815ஆம் ஆண்டு மெல்செல் தம் தாளமானிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று வேகத்தை எண்ணால் எழுதும் வழக்கம் பரவியது. தமிழிசை நூல்களுக்கு அத்தகைய நிலையான எண் தேவைப்படவில்லை. பாடகர் தொடங்கும் வேகமே அடிப்படை. மற்றவை அதன் மடங்குகள். இம்முறை கணக்கின் அழகுக்கு இடமளித்தது. தவிலிலும் மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் வளர்ந்த பெருங்கணக்குகளும், ஈழத்தில் தவில் மேதை தட்சிணாமூர்த்தி காட்டிய வியத்தகு இலயத் திறமும் இந்த விகித அறிவின் கனிகள்.

தோட்டத்துத் தப்பு இந்நூல் மரபுக்கு வெளியே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் வழியே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டோர் தம் கருவிகளையும் கொட்டு முறைகளையும் உடன் கொண்டுவந்தனர். 1876ஆம் ஆண்டில் ஹேனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர், தாழ்நிலப் பள்ளத்தாக்குகளில் பெருந்தோட்டப் பயிராகப் பரவியபோது, களனிப் பள்ளத்தாக்கின் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளிலும் தப்பு ஒலித்தது. மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதியேற்றி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் இக்கருவி தோட்ட வாழ்வின் கடிகாரமாகவும் இருந்தது. விடியுமுன் தொழிலாளரை ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது பிரட்டுத் தப்பு. வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதால் இறப்பர்த் தோட்டத்தில் அவ்வழைப்பு ஒருபோதும் பிந்தக்கூடாததாயிருந்தது. சாவு, திருவிழா, கூத்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடிகள் இருந்தன. தொலைவில் கேட்பவர் எண்ணிக்கையை எண்ணிப் பார்க்காமலே, அடியைக் கேட்ட மாத்திரத்தில் செய்தியை அறிந்துகொண்டனர்.

இங்கே அடி என்னும் சொல் சுற்று, நடை, வேகம் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகக் குறிக்கிறது. கச்சேரி மரபில் ஒரே ஆதி தாளத்தை எந்த வேகத்திலும் போடலாம். வேகம் மாறினும் அது ஆதி தாளமே. சாவுக்குரிய அடியை அவ்வாறு விருப்பப்படி விரைவுபடுத்த முடியாது. பாடை தூக்குவோரின் நடையே அதன் வேகம். அது மாறினால் அடியின் பொருளே மாறிவிடும். நூலோர் விகிதமாகக் கண்ட வேகத்தைத் தப்பிசைக் கலைஞர் தொழிலோடும் சடங்கோடும் உடலோடும் பிணைந்த நிலையான அளவாகக் காத்தனர். கண்ணிமையையும் விரல்நொடியையும் அளவாகக் கொண்ட தொல்காப்பிய நோக்குக்கு இது கச்சேரிக் கணக்கைவிட நெருக்கமானது.

மாசியில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து இன்னொரு செய்தியைத் தருகிறது. மன்மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் முதலிய பாத்திரங்களின் வரவுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்பக் கொட்டு மாறுகிறது. ஆவேசமான கட்டங்களில் அது முதற்காலத்திலிருந்து இரண்டாங்காலத்துக்குத் தாவுவதில்லை; சிறிது சிறிதாக இறுகி, ஆடுபவரின் மூச்சோடு சேர்ந்து விரைகிறது. சாமியாட்டத்திலும் இதுவே நிகழ்கிறது. இவ்வாறு படியின்றி ஏறும் வேகத்துக்கு முப்பத்தைந்து தாள ஒழுங்கில் தனிப்பெயர் இல்லை. தொல்காப்பியர் வண்ணங்களுள் வைத்ததும், பிற்காலத் திருப்புகழ்ச் சந்தங்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் வழங்குவதுமான முடுகு என்னும் சொல்லே இந்நிகழ்வுக்கு மிக அருகில் நிற்கிறது. நாட்டுப்புறக் கொட்டைத் தாளக் கட்டுப்பாடு குறைந்த முரட்டு இசையாகக் கண்ட பார்வைக்கு, அதனை அடித்தோர்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவே முதற்காரணம். இசையியல் அந்த அநீதியைத் தன் பட்டியல்களில் அப்படியே ஏற்றுக்கொண்டது பெருங்குறை.

சபரகமுவையின் சிங்கள மரபும் அருகிலேயே ஒப்பிடக் கிடைக்கிறது. இம்மாகாணத்து ஆடலின் தலைமைக் கருவி தவுல்; ஒரு முகத்தைக் குச்சியாலும் மறுமுகத்தைக் கையாலும் அடிப்பதில் அது தவிலின் உறவு. இரத்தினபுரி சமன் தேவாலயப் பெரஹராவில் அதன் முழுச் சிறப்பைக் கேட்கலாம். சிங்கள மரபு தன் தாள அலகைத் தித என அழைத்து, சுளு, மெதும், மஹ என்று இரண்டு, மூன்று, நான்கு மாத்திரைகளாகப் பகுத்து, அவற்றின் சேர்க்கையால் பெருஞ்சுற்றுகளை ஆக்குகிறது. சிற்றலகுகளைக் கூட்டிச் சுற்றைக் கட்டும் இம்முறை தப்பின் அடிகளை விளக்க எளிதாக உதவக்கூடும்.

மலையக நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்ததால் சொற்கள் தப்பின. கொட்டுகளுக்கு அத்தகைய முழுமையான தொகுப்பு வேண்டும். தோட்டப் பள்ளிகளில் சங்கீதம் கற்கும் மாணவர் சப்த தாளங்களை அலங்காரங்களின் வழியே கற்கும்போதே, தம் லயத்து மூத்த கலைஞரின் அடிகளையும் எழுதக் கற்கலாம். அதற்கு அடியார்க்குநல்லார் தரும் கொட்டும் அசையும் தூக்கும் அளவும் போதுமான தொடக்கம்: அடி விழும் இடம், கை வெறுமனே அசையும் இடம், ஒலி நீளும் இடம் மூன்றையும் அவை தனித்தனியே காட்டும். அவற்றோடு, அடி எந்தத் தொழிலுக்கோ சடங்குக்கோ உரியது, யாருடைய நடையை ஒட்டியது, எங்கே முடுகத் தொடங்குகிறது என்னும் மூன்று குறிப்புகளும், தாளமானியில் அளந்த தொடக்க வேகமும் முடிவு வேகமும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.