மேசைமேல் வந்திறங்கிய செஸ்னா

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்கின் தந்தைக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் ஆலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் துருத்திகளை மகன் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டார். விமானம் ஓட்டப் பழகுவதற்கென்று குட்டை இறக்கை வைத்த ஒரு பெட்டி. உள்ளே ஓர் இருக்கை, கைப்பிடி, கால்மிதி. கைப்பிடியை அசைத்தால் அடியிலுள்ள துருத்திகள் உப்பிச் சுருங்கிப் பெட்டியைச் சாய்க்கும், தூக்கும், திருப்பும். 1929இல் இது உருவானபோது விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள்.

1934இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் விமான அஞ்சலைச் சுமக்கும் பொறுப்பு ராணுவ விமானப் படையிடம் வந்தது. இரவிலும் பனியிலும் மேகத்துக்குள்ளும் பறந்து பழகாத விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். ராணுவம் லிங்கிடம் வந்து, ஒன்று 3,500 டாலர் என்ற விலையில் ஆறு பெட்டிகளை வாங்கியது. மேல்மூடியைச் சாத்திவிட்டால் பயிற்சி பெறுபவருக்கு வெளியே எதுவும் தெரியாது. கண்முன் இருக்கும் கருவிகளின் முள்களை மட்டும் நம்பி அவர் ஓட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் நீல நிறம் பூசிய அந்தப் பெட்டியில் பயின்றவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

கருவியை ஏன் அப்படி நம்ப வேண்டும்? காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உள்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம், திருப்பம் தொடங்குவதை உணர்த்தும். அதே திருப்பம் நீடித்தால் சற்று நேரத்தில் உணர்த்துவதை நிறுத்திவிடும். மேகத்துக்குள் இறக்கை மெல்லச் சாய்ந்தால் உடலுக்குத் தெரியாது. மூக்கு இறங்கி வேகம் கூடுவது மட்டும் தெரியும். மூக்கைத் தூக்க விமானி கைப்பிடியை இழுப்பார். சாய்ந்திருக்கும் விமானத்தில் அந்த இழுப்பு திருப்பத்தை இன்னும் இறுக்கும். சுழன்றபடியே கீழே போக வேண்டியதுதான். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடி.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர் சேர்ந்தார். மின்பொறியியல் படித்தவர், சிறு விமானம் ஓட்டும் உரிமமும் வைத்திருந்தவர். 1975இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு, பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணினியே உடனுக்குடன் வரைவதைப் பற்றியது. லிங்க் மூடிய ஜன்னலை ஆர்ட்விக் கோடுகளால் வரைந்து திறந்தார் எனலாம். ஸ்டூ மோமன்ட் என்ற விமானியோடு சேர்ந்து அவர் தொடங்கிய சப்லாஜிக் நிறுவனம், ஆப்பிள் 2 கணினிக்கான முதல் ஃபிளைட் சிமுலேட்டரை 1980 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1 மெகாஹெர்ட்ஸ் வேகச் சில்லு, 16 கிலோபைட் நினைவகம். அதற்குள் ஓர் உலகம்: சதுரக் கட்டங்கள் போட்ட தரை, ஒருபுறம் மலை, ஓர் ஓடுபாதை, அடியில் கருவிப் பலகை. எல்லாமே வெறுங்கோடுகள். நொடிக்குச் சில படங்கள் என்று தத்தித் தத்தித்தான் நகரும். ஆனால் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் தாங்குவிசை போய் விமானம் கீழே விழும். விளையாட்டாக விற்றாலும் பொருள் இயற்பியல்தான்.

சிறு விமானம் இதில் இடம் பிடித்ததற்கு அந்தச் சில்லின் வறுமையும் ஒரு காரணம். ஜெட் விமானத்தின் வேகத்துக்குத் தரையை வரைந்து முடிக்க அதனால் முடியாது. மெதுவாகப் போகிற, நாலைந்து கருவியோடு சமாளிக்கிற வண்டிதான் தோதாக இருந்தது. 1982 நவம்பரில் மைக்ரோசாப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்த பதிப்பில் விமானம் செஸ்னா 182. அது நின்ற இடம் சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய மெய்க்ஸ் ஃபீல்டு. அந்த வட்டு டாஸ் இயங்குதளத்தை எதிர்பார்க்காமல் தானே கணினியை எழுப்பி, வன்பொருளோடு நேரடியாகப் பேசியது. அதனால் ஒரு பக்கவேலையும் அதற்கு வாய்த்தது. போட்டி நிறுவனத்தின் கணினி உண்மையிலேயே ஐபிஎம்முக்கு இணையானதா என்று பார்க்க, லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரலையும் இதையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

பதிப்புகள் மாறியும் பயனர் கண்விழிக்கும் இடம் நெடுங்காலம் மெய்க்ஸாகவே இருந்தது. சிகாகோவுக்கு ஒருமுறைகூடப் போகாதவர்களுக்கும் அந்த நகரின் வானளாவிகளை இடப்பக்கம் விட்டு ஏரிமேல் திரும்பத் தெரிந்தது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் நகரத் தந்தை ரிச்சர்ட் எம். டேலியின் உத்தரவின்பேரில் புல்டோசர்கள் வந்து, ஓடுபாதையின் நடுவே பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிவிட்டுப் போயின. அங்கே நிறுத்தியிருந்த விமானங்கள் பிறகு பக்கவழிப் பாதையிலிருந்து எழும்பிப் போக வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றி மூடியதற்காக நகராட்சிக்குக் கிடைத்த அபராதம் 33,000 டாலர். சில மாதம் கழித்து வெளியான சிமுலேட்டர் பதிப்பில் மெய்க்ஸ் முழுசாக இருந்தது. 2006 பதிப்பில் அதுவும் போயிற்று. ரசிகர்கள் தாங்களே வரைந்து சேர்த்துக்கொண்டார்கள். அழிந்த மெய்க்ஸ் சிமுலேட்டரில் நீடித்ததற்கு நேரெதிரான ஒன்றும் அதற்கு முன்பே நடந்திருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்து, அந்த ஆண்டு வெளிவரவிருந்த பதிப்பிலிருந்து நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை மைக்ரோசாப்ட் நீக்கியது.

இதற்கிடையே ஆஸ்டின் மேயர் என்ற அமெரிக்க விமானி வேறு வழியில் போனார். கருவிப் பறத்தலில் கைப்பழக்கம் விட்டுப்போகாமலிருக்கத் தனக்கென எழுதிக்கொண்ட நிரலே எக்ஸ்-பிளேனாக வளர்ந்தது. மைக்ரோசாப்ட் வழியில், இந்த விமானம் இந்த வேகத்தில் இப்படி நடந்துகொள்ளும் என்று அட்டவணையில் எழுதி வைத்திருப்பார்கள். மேயரின் நிரல் இறக்கையையும் சுழலியையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுக் கூட்டும். வடிவத்தைக் கொடுத்தால் நடத்தை தானாக வரும்.

மைக்ரோசாப்ட் 2009 ஜனவரியில் தன் சிமுலேட்டர் பிரிவைக் கலைத்தது. அதன் நிரலுக்கு உரிமம் பெற்ற லாக்ஹீட் மார்ட்டின் அதைப் பயிற்சிக் கருவியாக வளர்த்தது. 2020 ஆகஸ்டில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ ஸ்டுடியோ மைக்ரோசாப்டுக்காக உருவாக்கிய புதிய பதிப்பு வந்தது. பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்கள், இரண்டு பெட்டாபைட்டுக்கும் மேல் தரவு, 37,000 விமான நிலையங்கள், நேரலை வானிலை. ஐரோப்பாவில் இதை வட்டில் வாங்கியவர்களுக்குப் பத்து டிவிடி கிடைத்தது. பெரும்பாலான கட்டடங்களை மனிதர் வரையவில்லை, கணினியே ஊகித்து எழுப்பியது. ஊகம் சறுக்கிய இடங்களும் உண்டு. மெல்போர்னின் சாதாரணக் குடியிருப்புப் பகுதியொன்றில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசியாய் நின்றது. திறந்த வரைபடமொன்றில் யாரோ 2 மாடி என்பதற்கு 212 என்று தட்டிவிட்ட விளைவு அது. ஆட்கள் கூட்டமாகப் பறந்துபோய்ப் பார்த்தார்கள்; உச்சியில் இறங்கியும் பார்த்தார்கள்.

இவ்வளவு பெரிய உலகம் வந்தும் சின்ன விமானம் ஓய்வுபெறவில்லை. 44,000க்கு மேல் தயாரான செஸ்னா 172தான் இன்றும் பலருடைய முதல் தேர்வு. 35,000 அடியில் போகும் போயிங்கிலிருந்து இத்தனை பெட்டாபைட்டில் பாதிகூடக் கண்ணில் படாது. அன்று கணினியின் இயலாமைக்காக வந்த விமானம் இன்று அதன் வளத்துக்காக நீடிக்கிறது.

வீட்டில் ஓட்டிப் பழகியவர் நிஜ செஸ்னாவில் ஏறினால் என்ன ஆகும்? மேகத்துக்குள் செய்யும் வேலை ஏறக்குறைய அப்படியே கைக்கு வரும். முள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது, வானொலிக் குறிகளைத் தொடர்வது, இறங்கும் படிகளை வரிசையாகச் செய்வது எல்லாமே உடலைப் பொருட்படுத்தாத வேலைகள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஏமாற்ற உள்காதும் குறுக்கே வராது. தரையிறங்குவது வேறு கதை. ஓடுபாதைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்க வேண்டிய நொடியைக் கண்ணின் ஓரங்கள்தான் சொல்லும். தட்டைத் திரையில் ஓரம் கிடையாது. நிஜக் கைப்பிடியில் வேகத்துக்கேற்பக் காற்றின் அழுத்தம் கூடும், குறையும். அந்தப் பாரத்தைக் குறைக்கவே டிரிம் சக்கரம் இருக்கிறது. மேசை ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ எப்போதும் ஒரே இறுக்கமுள்ள சுருள்வில். எழும்பும்போது எஞ்சினும் சுழலியும் மூக்கை இடப்பக்கம் இழுக்க, வலது காலால் சுக்கானை மிதிக்க வேண்டும். சுக்கான் மிதியான ரடர் பெடல் வாங்காதவருக்கு அந்தக் காலே பழகியிருக்காது. சிமுலேட்டரில் வளர்ந்த மாணவர்கள் தொடுவானத்தைப் பார்க்காமல் கருவிப் பலகையையே வெறிக்கிறார்கள் என்பது பயிற்சியாளர்களின் வழக்கமான குறை. சிலர் அவர்களுக்காகக் கருவிகளை அட்டையால் மறைத்துவிடுகிறார்கள்.

ஆகவே வீட்டுச் சிமுலேட்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்கலாம். உரிமத்துக்குப் படிப்பவர் நாளைய கருவிப் பயிற்சியை இன்றிரவே ஒத்திகை பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது புவியியல் பாடம். தமிழ்நாட்டில் சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுவது மிகச் சிலருக்கே வாய்ப்பது. மேசையில் திருச்சியிலிருந்து எழும்பி வடக்கே திரும்பினால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு கிடக்கும். ஜிபிஎஸ்ஸையும் தானியங்கியையும் அணைத்துவிட்டு, 2,000 அடியில், ஆற்றையே வழியாகக் கொண்டு கிழக்கே போகலாம். கல்லணை தாண்டியதும் ஆறு கிளைகிளையாகப் பிரியும். எது காவிரி என்று ஒவ்வொரு பிரிவிலும் முடிவு செய்ய வேண்டும். சரியாகத் தேர்ந்தால் சுமார் நாற்பது நிமிடத்தில் பூம்புகார்க் கடல். தப்பினால் எங்கோ ஓரிடத்தில் அதே கடல். டெல்டாவின் அமைப்பு மனதில் பதிய அந்தத் தப்பும் உதவும்.