காலணா போய் நயா பைசா வந்த திங்கட்கிழமை

1957 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. இரவு கடை சாத்தும்போது ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. மறுநாள் காலை கடை திறக்கும்போது அதே ரூபாய்க்கு நூறு நயா பைசா.

ரூபாய் நோட்டு மாறவில்லை. அதன் மதிப்பும் குறையவில்லை. மாறியதெல்லாம் ரூபாயை உடைக்கும் விதம்தான். ஆனால் முழு ரூபாயைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த வீடுகள் அன்று ஏராளம். காலணாவுக்கு வெற்றிலை, அரையணாவுக்குக் கீரை என்று சில்லறையிலேயே நாளை ஓட்டியவர்களுக்கு, காசு மாறியது என்றால் உலகமே மாறியது என்றுதான் பொருள்.

பழைய கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் தலை சுற்றும். மூன்று தம்பிடி ஒரு காலணா, நாலு காலணா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. ஆனால் கைக்கு அது சுலபமான கணக்கு. ரூபாயைப் பாதியாக்கினால் எட்டணா. அதில் பாதி நாலணா. மறுபடி பாதி இரண்டணா, இன்னொரு பாதி ஓரணா. அங்கும் நிற்காமல் அரையணா, காலணா என்று பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிசகாமல் பங்கு போட முடிந்தது இதனால்தான்.

தமிழருக்கு இது இன்னும் நெருக்கமான கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்தவர்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களை வாய்ப்பாடாகவே ஒப்பித்தவர்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாயின் மாகாணிதான் அணா. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் வராகனும் பணமும் காசும் புழங்கி, 1818இல் ரூபாய் அவற்றின் இடத்துக்கு வந்தது. அந்த ரூபாயின் பதினாறு பங்கு இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு எண்சுவடியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்? கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். ரூபாய், அணா, பை (அதாவது தம்பிடி) என்று மூன்று பத்திகள். பையைக் கூட்டி, பன்னிரண்டுக்கு ஓர் அணாவாக அடுத்த பத்திக்குக் கொண்டு போக வேண்டும். அணாவைக் கூட்டி, பதினாறுக்கு ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும். ரயில்வே, தபால், வங்கி, கருவூலம் எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் நாள்தோறும் இதையே செய்துகொண்டிருந்தார்கள். பத்துப் பத்தாகப் போகும் கணக்கில் இந்த உழைப்பு பெருமளவு மிச்சம். பக்கத்து இலங்கை 1872லேயே ரூபாயை நூறு சதமாக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சதத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்கி 85 ஆண்டுகள் கழித்துத்தான் மதுரைக் கடைக்காரருக்கு அந்த வசதி வந்தது.

நாணயச் சட்டத் திருத்தம் 1955இல் நிறைவேறியபோது நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக். அது நடைமுறைக்கு வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

சிக்கல் ஒரே ஒரு வகுத்தலில் இருந்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால். கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அருகில் உள்ள முழுப் பைசாவை எடுத்துக்கொள்ள வேண்டும், சரிபாதியாக வந்தால் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். இந்த விதிப்படி ஓரணா 6 நயா பைசா, இரண்டணா 12. ஆனால் மூன்றணா 18 அல்ல, 19! நாலணா சரியாக 25. நாலு அணாவைச் சேர்த்து நீட்டினால் 25 பைசா கிடைக்கும். ஒவ்வொன்றாக நாலு முறை கொடுத்தால் 24தான் கணக்காகும்.

காலணாவில்தான் உண்மையான வலி. அதன் மதிப்பு ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல். விதிப்படி அது 2 நயா பைசா. முன்பு காலணாவுக்கு விற்ற பொருளுக்கு இரண்டு பைசா என்று புது விலை வைத்தால் என்ன ஆகும்? பழைய ரூபாய்க்கு அந்தப் பொருள் 64 கிடைத்தது. புதிய ரூபாய்க்குக் கிடைப்பது 50. மாதச் சாமானை மொத்தமாக வாங்கி ரூபாயாகக் கொடுத்தவருக்கு இந்தக் கணக்கால் ஒரு நட்டமும் இல்லை. அன்றாடங்காய்ச்சிதான் ஒவ்வொரு கொள்முதலிலும் பைசாவின் ஒரு துண்டை இழக்க வேண்டியிருந்தது. பதின்மக் கணக்கு நாட்டுக்குத் தேவையான சீர்திருத்தம்தான், சந்தேகமில்லை. அதற்கான விலையைச் சில்லறையில் கட்டியவர்கள் யார் என்பதையும் அதன் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.

தபாலாபீசிலும் இதே கதை. முக்காலணாவாக, அதாவது ஒன்பது தம்பிடியாக இருந்த அஞ்சலட்டை ஐந்து நயா பைசாவானது. இந்திய வரைபடம் பொறித்த புதிய தபால்தலைகள் அதே ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா விலையோடு வெளிவந்தன.

புதுக்காசுகள் கைக்குப் பழகவும் நாள் பிடித்தது. ஒரு நயா பைசா வெண்கலத்தில் சின்னஞ்சிறு வட்டம், பழைய காலணாவைவிடச் சிறியது. இரண்டும் பத்தும் விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல இருந்தன. ஐந்து சதுரம். ஆனால் பழைய அரையணாவும் இரண்டணாவும்கூடச் சதுரம்தான். ஓரணாவின் விளிம்பும் பூ விளிம்புதான். தடவிப் பார்த்தே காசை அறிந்த விரல்கள் எவ்வளவு தடுமாறியிருக்கும்! ரூபாயின் நூற்றில் ஒரு பங்கு என்று காசிலேயே விளக்கம் எழுதியிருந்தார்கள், இந்தியில். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் கைகொடுத்தது அதிலிருந்த எண் மட்டுமே.

நாகர்கோவில்காரர்கள் பாடு இன்னும் கூடுதல். திருவிதாங்கூர் ஆட்சியில் அவர்கள் எண்ணியது சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். 1949இல் அது போய் இந்திய அணா வந்தது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஐந்து மாதத்தில் அந்த அணாவும் போய்விட்டது. எட்டே ஆண்டுகளில் ஒரே கடைவீதி மூன்று கணக்குகளைப் பார்த்துவிட்டது.

1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற அடைமொழி காசிலிருந்து நீங்கியது. வெறும் பைசா ஆயிற்று. பேச்சு மட்டும் அரசாணையைக் கேட்கவில்லை. இருபத்தைந்து பைசாவைத் தமிழர்கள் நாலணா என்றும், ஐம்பது பைசாவை எட்டணா என்றுமே அழைத்தார்கள். 2011 ஜூன் 30இல் இருபத்தைந்து பைசா செல்லாக்காசாகும்வரை அதற்கு நாலணா என்றுதான் பெயர். ‘கையில் நயா பைசா இல்லை’ என்று சொல்லும் இன்றைய இளைஞர், நயா பைசாவைக் கண்டதே இல்லை.

காசை மாற்றிய கையோடு அரசு தராசையும் தொட்டது. 1958 அக்டோபரில் கிலோ கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது வீசையும் பலமும் என்ன ஆயின என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)